சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: தோட்டத்துச் சபைகளுக்கு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துச் சபைகளில் ஒருவர் விசுவாசத்தில் தளர்ந்துபோவது வெளியே தெரிவதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருவார், பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார், காணிக்கைப் பை வரும்போது கையை நீட்டுவார். "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்டால் "கர்த்தர் நடத்துறார்" என்பார். உள்ளுக்குள்ளோ, "நான் ஜெபிக்கிறதை யாராவது கேட்கிறாங்களா?" என்ற கேள்வி மாதக்கணக்காய் அரித்துக்கொண்டிருக்கும். அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். சொன்னால் "விசுவாசம் இல்லாதவள்" என்ற பேச்சு மறுநாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களம்வரை போய்விடும். லயம் என்ற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இரகசியமாய் அழுவதற்குக்கூட இடமில்லாத வீடுகளில் வாழ்கிறவர்கள் மனதைப் பூட்டிக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சந்தேகம், பிரிவினை, வஞ்சகம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்பாகப் பிரசங்கிப்பது நம் வழக்கம். நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துச் சபைகளில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் மூன்றும் ஒரே சங்கிலியாகத்தான் வருகின்றன. சந்தேகத்தைச் சொல்ல முடியாதவர், சந்தேகமே இல்லாதவர்போல் பேசும் ஒருவரைத் தேடிப் போகிறார். அப்படிப் பேசுகிறவர் "எனக்குக் கர்த்தர் காண்பித்தார்" என்கிறார். அவர் காட்டுகிற "எதிரி" அநேகமாய்ப் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் சொந்த நாத்தனாராக இருப்பார். லயம் இரண்டாகிறது. ஆகவே கள்ளத் தீர்க்கதரிசிக்கு எதிரான வேலை அவன் வந்த பிறகு தொடங்குவதில்லை. சபையில் ஒருவர் "எனக்கு நம்ப முடியவில்லை" என்று சொல்ல இடம் இருக்கிறதா என்பதில்தான் தொடங்குகிறது.

வேதம் அந்த இடத்தைத் தாராளமாய்த் தருகிறது. மாற்கு 9இல், வலிப்பு வந்து விழும் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான். முழு விசுவாசம் வந்த பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அதே இடத்தில் பிள்ளையைக் குணமாக்கினார். சிறையில் இருந்த யோவான் ஸ்நானன், "வருகிறவர் நீர்தானா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டான். கேட்டவன் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன். இயேசு அவனைக் கண்டிக்காமல், நடக்கிற காரியங்களைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள் என்றார். அந்தச் சீஷர்கள் திரும்பிப் போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் எழும்பவில்லை என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொன்னார்.

எல்லாச் சந்தேகமும் ஒரே வகை இல்லை என்பதை மூப்பர்களும் ஜெபக்குழு நடத்துகிறவர்களும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். களைப்பினால் வரும் சந்தேகம் ஒன்று இருக்கிறது. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நாள் முழுக்க மலையில் கூடையோடு ஏறி இறங்கி, மாலை திரும்பவும் அதே அடுப்படிக்கு வரும் பெண்ணுக்கு "ஜெபத்தில் உற்சாகம் இல்லை" என்றால், முதலில் கேட்கவேண்டியது அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதை. 1 இராஜாக்கள் 19ஐப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறான். தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னான். எலியா திரும்பத் தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதன் பிறகுதான் ஓரேப் மலைக்கு நடை, அங்கேதான் மெல்லிய சத்தம். இந்த வரிசையை மாற்றக்கூடாது. களைத்தவர் தலையில் முழுஇரவு ஜெபத்தையும் மூன்று நாள் உபவாசத்தையும் ஏற்றுகிறவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குச் சபை உபவாசம் அறிவிக்கும்போதே விலக்கையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். அவர்களாகவே வந்து விலக்குக் கேட்கும்படி விட்டால் வெட்கத்தில் கேட்கமாட்டார்கள்.

பதில் கிடைக்காத ஜெபத்தினால் வரும் சந்தேகம் வேறு. அதற்கு விளக்கம் சொல்லப் போகாமல் சங்கீதத்தைக் கொடுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டாகவே முடிகிறது, ஒரு துதிகூட இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்த வீட்டில் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வதற்குப் பதிலாக 88ஐ மெதுவாக வாசித்துவிட்டு, பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து பாருங்கள். பேசவேண்டியதை அந்த வீட்டாரே பேசுவார்கள்.

மூன்றாவது வகை, குற்ற உணர்வில் இருந்து வருவது. நான் மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டேன் என்ற பயம் இளம்பிள்ளைகளிடமும், பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் இருக்கும் தாய்மாரிடமும் அடிக்கடி வரும். மத்தேயு 12இல் இயேசு அந்த வார்த்தையை யாரிடம் சொன்னார் என்று பார்க்கவேண்டும். குருடும் ஊமையுமானவன் குணமானதைக் கண்ணால் கண்டும், அதைப் பிசாசின் வேலை என்று துணிந்து சொன்னவர்களிடம் சொன்னார். மன்னிப்புக் கிடைக்காதோ என்று அழுகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற யோவான் 6:37ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாவத்தை நம்பகமான ஒருவரிடம், போதகரிடமோ ஃபாதரிடமோ, ஒரு தடவை முழுமையாய் அறிக்கையிடச் செய்யுங்கள். பிறகு அதே நினைவு திரும்ப வந்தால் அதனோடு வாதாடவும் வேண்டாம், திரும்ப அறிக்கையிடவும் வேண்டாம். அந்த வசனத்தை ஒரு முறை சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குப் போகவேண்டும். ஒரே ஜெபத்தை "சரியாய்ச் சொல்லவில்லை" என்று பத்து இருபது தடவை திரும்பத் தொடங்குவது, தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காமல் போவது, சாகவேண்டும் என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் அது வைத்தியசாலைக்கும் போகவேண்டிய காரியம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேதம் வாசிக்கச் சொல்லுங்கள்.

மனம் இருண்டிருக்கும் காலத்தில் பெரிய முடிவு எடுக்காதே என்பது 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிவைத்த விதி. சபை மாறுவது, நகையை அடகு வைத்துக் காணிக்கை கொடுப்பது, மணவாழ்க்கையை முறிப்பது எல்லாம் அந்தக் காலத்தில் தள்ளிவைக்கவேண்டியவை. தெளிவாய் இருந்தபோது எடுத்த முடிவிலேயே நிற்கவேண்டும். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயங்காமல் கைக்கொள்ளக்கூடிய விதி இது.

மலைநாட்டுக்கே உரிய ஒரு சந்தேகத்தையும் சொல்லவேண்டும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று 121ஆம் சங்கீதத்தை நாம் விரும்பிச் சொல்கிறோம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் பர்வதமே இறங்கி லயங்களை மூடியது. ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும் "அங்கே பாவம் பெருகியது" என்று பேச ஒருவர் கிளம்பிவிடுகிறார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்ட இயேசு, "அப்படியல்ல" என்று தாமே பதிலும் சொன்னார். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்கூட்டியே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். செத்தவர்களின் பாவத்தைத் தோண்டுகிறவர், எச்சரிக்கை கிடைத்தும் அந்த மக்களுக்கு ஏன் வேறு இடம் கிடைக்கவில்லை என்ற கேள்வியை மூடுகிறார். சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: ஒத்தாசை வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து வருகிறது, மலையிலிருந்து இல்லை.

இனி வஞ்சகம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இது வேலைசெய்யும் விதம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். லயத்தில் ஒரு வீட்டில் கூட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பாய் விரித்து இருபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், வாசலில் இன்னும் பத்துப் பேர். பாட்டு நீளும், காற்றுக் குறையும். பிறகு அவர் கண்ணை மூடி, "இங்கே ஒரு தாய் இருக்கீங்க, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குற வலி" என்கிறார். வருடக்கணக்காய்க் கூடை சுமந்த பெண்கள் நிறைந்த அறையில் அந்த வலி இல்லாதவர் யார்? "வெளிநாட்டில் ஒரு பிள்ளை, கதைத்து நாளாகுது" என்கிறார். எந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு வீடு இல்லை? இவை பொதுவாகச் சொல்லி ஆளைப் பிடிக்கும் வார்த்தைகள். குறிப்பாகச் சொல்லும் வார்த்தைகளும் வரும்: கணவர் விழுந்த மாதம், மகளின் பெயர், மீட்காத நகை. கூட்டம் ஒழுங்குசெய்தவர் "அந்த வீட்டுக்காக ஜெபியுங்க பாஸ்டர்" என்று நல்ல மனதோடு முன்பே சொன்ன விபரங்கள் அதில் இருக்கலாம். கூட்டத்துக்கு முன் சேர்க்கப்படும் "ஜெப விண்ணப்பத் துண்டு" இருக்கிறது, பேஸ்புக் இருக்கிறது. ஆகவே சபை ஒரு வழக்கத்தை உறுதியாய் வைத்துக்கொள்ளலாம்: வெளியூர்ப் பிரசங்கியாருக்கு எவருடைய வீட்டு விபரத்தையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது, ஜெபத்துக்காக என்றாலும்கூட. உண்மையான ஊழியருக்கு அது தேவைப்படாது.

மூன்றாவதாய் வரும் வார்த்தைதான் மிகக் கொடியது. "உங்க வாசலில் ஏதோ புதைச்சிருக்காங்க. செய்தவங்க பேர் 'ம' எழுத்து." ஒரு லயத்தில் மாரியாயி, மகேஸ்வரி, மலர், மணி என்று எத்தனை பேர்! அன்றிரவே ஒரு பெயர் முடிவாகிவிடும். தண்ணீர்ப் பீலியில் பேச்சு நிற்கும். பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது நிற்கும். முப்பது வருடம் சம்பல் கிண்ணம் மாறிய வீடுகள் முகம் பார்க்காமல் போகும். அயலாரைக் குற்றவாளியாய்க் காட்டும் எந்தத் "தரிசனத்தையும்" சபை கேட்கவே கூடாது. அந்த வார்த்தை வந்த இடத்திலேயே மூப்பர் எழுந்து, "ஐயா, இதை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை" என்று சொல்லவேண்டும். மறுநாள் சொன்னால் பிந்திவிடும்.

சோதிப்பது அவிசுவாசம் என்று பயமுறுத்துவார்கள். சோதிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்ததே வேதம். "ஆவிகளைச் சோதித்தறியுங்கள்" என்கிறது 1 யோவான் 4:1. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14:29. செய்யும் முறை இதுதான்: சொல்லப்பட்ட வார்த்தையை அன்றிரவே ஒரு கொப்பியில் சொன்னபடியே எழுதுங்கள். திகதி போடுங்கள், கேட்ட இருவர் கையொப்பம் வையுங்கள். உபாகமம் 18:22 நடக்காத வார்த்தையைக் கர்த்தர் சொல்லவில்லை என்று தீர்க்கிறது. எழுதி வைக்காவிட்டால் நடந்ததையும் நடக்காததையும் பிறகு எவரும் நிரூபிக்க முடியாது, நினைவு வளைந்துகொடுக்கும். ஒரு வார்த்தையின் பேரில் பணமோ, பயணமோ, கலியாணமோ தீர்மானிக்குமுன் ஒரு வாரம் பொறுங்கள். "இன்றைக்கே கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் கைமாறும்" என்று அவசரப்படுத்துவதும், "இதை உங்கள் போதகரிடம் சொல்லவேண்டாம்" என்று மறைப்பதும் போதுமான அடையாளங்கள்.

ஆதித் திருச்சபைக்கும் இந்தத் தொல்லை இருந்தது. திதாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்குமுறை, ஊர் ஊராய் வரும் ஊழியரை ஒரு நாள் உபசரிக்கச் சொல்கிறது, தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அப்பம் கொடுக்கலாம், பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. மலைநாட்டில் இதற்குத் தனி முக்கியம் உண்டு. இங்கே சுவிசேஷம் பரவியதே நடந்து வந்தவர்களால்தான். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாய் நடந்து பிரசங்கித்தார்கள். நடந்து வரும் ஊழியரை வரவேற்பது நம் இரத்தத்தில் ஊறியது, அது நல்ல குணம். ஆனால் அந்த உபதேசியாருக்கு அனுப்பிய மிஷன் ஒன்று இருந்தது. அவருடைய வேலைக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டும். இன்று வாடகை வான் வண்டியில் வருகிறவரிடம், "ஐயாவை அனுப்பியது எந்தச் சபை? அங்கே யாரிடம் பேசலாம்?" என்று கேட்பது அவமரியாதை இல்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாய்ப் பேசுவோம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், இருபது நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்தால் 27,000. அதில் தசமபாகம் 2,700, அதாவது இரண்டு நாள் உழைப்பு. "விதைக் காணிக்கை" என்று கேட்கும் 10,000 ரூபா, ஏழு நாளுக்கும் மேல் மலை ஏறின கூலி. பழைய ஏற்பாட்டில் மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வைக்கப்பட்டது (உபாகமம் 14). விதவையிடம் வாங்குவதற்கு அந்த வசனத்தைக் காட்டுவது கொடுமை. 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படி கேட்கவில்லை, உள்ளதின்படி என்கிறது. பிடியரிசி கொடுக்கிறவர் குறைவாய்க் கொடுக்கவில்லை. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை. அவருடைய வேலைக்காரன் கேயாசிதான் பின்னால் ஓடி, பொய்க் கதை சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வாங்கினான். பவுல் காணிக்கைப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் சபைகள் நியமித்த ஆட்களைக் கூட அனுப்பினார், ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு. சின்னச் சபையும் இதைச் செய்யலாம்: காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணவேண்டும், கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும், மாத முடிவில் தொகையைச் சுவரில் ஒட்டவேண்டும்.

சுகமளித்தல் கூட்டங்களில் ஒரே ஒரு விதி உயிரைக் காக்கும். "உனக்குச் சுகமாகிவிட்டது, குளிசையை நிறுத்து" என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. குஷ்டரோகிகளைச் சுகமாக்கிய இயேசுவே, போய் ஆசாரியனுக்குக் காண்பியுங்கள் என்று அனுப்பினார். அந்தக் காலத்தில் நோய் நீங்கியதை உறுதிசெய்து சொல்லவேண்டியவர் அவர். கிளினிக் கொப்பியோடு போய் இரத்தத்தைச் சோதித்து, குறைப்பதா நிறுத்துவதா என்று வைத்தியர் சொல்லட்டும். தேவன் சுகம் கொடுத்திருந்தால் அது அறிக்கையிலும் தெரியும். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிராபத்து வரலாம். காசநோய் மருந்து வழக்கமாக ஆறு மாதம். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாய்த் திரும்பலாம், வீட்டாருக்கும் தொற்றலாம்.

பிரிவினை எப்போதும் உபதேசத்தில் தொடங்குவதில்லை. தொழிற்சங்கம், சாதி, எந்த டிவிஷன், யார் மகன் கிட்டார் வாசிப்பது என்று சாதாரணமாய்த் தொடங்கி, பிறகு ஞானஸ்நானம், நகை, அந்நிய பாஷை என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும். கொரிந்துவிலும் "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்றார்கள். கர்த்தருடைய பந்தியிலோ ஒருவன் பசியாயிருக்க மற்றவன் வெறியாயிருந்தான். பவுல் சொன்ன தீர்வு மிக எளிமை: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." நம் தோட்டங்களில் இதை அப்படியே செய்யலாம். ஞாயிறு கைக்காசு வேலைக்கு மலைக்குப் போனவர்கள் இறங்கி, குளித்து, வந்து சேரும் நேரத்துக்கு ஆராதனையை மாற்றுங்கள். காலை எட்டு மணிக்குத் திருவிருந்தை முடித்துவிட்டு, வராதவர்களை "பின்வாங்கினவர்கள்" என்பது அநியாயம்.

மாரியம்மன் திருவிழாக் காலத்தில் பொங்கல் தட்டு வரும். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாய் எண்ணாதிருக்கவும், சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றப்படுத்தாதிருக்கவும் ரோமர் 14 சொல்கிறது. சாப்பிட மனச்சாட்சி இடந்தராதவர் தட்டை இரு கையால் வாங்கி, நன்றி சொல்லி, நத்தாருக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மரண வீட்டுக்குப் போகாதே என்று சொல்லும் பிரசங்கத்துக்கு மட்டும் இடமே இல்லை. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்ற கட்டளையில் மதம் பார்க்கவில்லை.

சண்டை வந்தால் மத்தேயு 18இன் படிகளை வரிசையாய் ஏறவேண்டும்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபையில். நடப்பது தலைகீழ். முதலில் வட்ஸ்அப் குழு, கடைசியில் தனிப்பேச்சு. தனியாகப் பேசப் போகிறவர் மலையில் வேலைநேரத்தில் பேசக்கூடாது, பக்கத்தில் பத்துக் காது இருக்கும். வாசலில் நின்று பேசவும் கூடாது. உள்ளே போய் உட்கார்ந்து, நடந்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் சொல்லவேண்டும். இரண்டாம் படிக்குக் கூட்டிப்போகும் ஆள் மைத்துனராகவோ ஒரே சங்கத்து ஆளாகவோ இருந்தால் அவர் சாட்சி இல்லை, பக்கபலம். ஆனால் ஊழியர் ஒருவர் பிள்ளையிடமோ பெண்ணிடமோ தப்பாக நடந்தால் இந்தப் படிகளைக் காட்டிப் பாதிக்கப்பட்டவரை அவரிடம் தனியாக அனுப்பக்கூடாது. அப்படித் தப்பாக நடப்பது குற்றம். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற எண்கள் இருக்கின்றன. "சபையின் பேர் கெடும்" என்று மூடுகிறவர்கள்தான் சபையின் பேரைக் கெடுக்கிறார்கள்.

ஏமாந்து திரும்பி வருகிறவர்களை ஏற்கும் விதத்தில்தான் நம் சபைகள் அதிகம் தவறுகின்றன. அவரை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். "அன்றைக்கே சொன்னோமே" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. கடைசி வாங்கில் உட்கார விரும்பினால் உட்காரட்டும். ஜெபிக்கச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவர் மறுபடி சந்தேகத்தோடுதான் இருப்பார், முன்பைவிட ஆழமாய், இந்த முறை நம்மேலும் சேர்த்து. அதை அவர் சொல்லும்போது வேதத்தைத் திறக்க அவசரப்படாமல் கேளுங்கள். செய்வினை என்று பழி சுமத்திய பக்கத்து வீட்டுக்கு அவர் மன்னிப்புக் கேட்கப் போனால், மூப்பர் ஒருவர் கூடப் போகவேண்டும். அந்தப் பழி சபையின் கூட்டத்தில் பிறந்தது என்பதால் மூப்பரும் மன்னிப்புக் கேட்கவேண்டும். பிறகு ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. அடகுச் சீட்டுகளை எடுத்து மீட்கும் திகதியைப் பாருங்கள். திகதி தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். அதற்கு முன் வட்டியை மட்டுமாவது கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கச் சபையின் உதவிப் பணத்தில் இடம் இருக்கிறதா என்று அந்த வாரமே கேளுங்கள்.